என் மகள் பந்து உதைக்கிறாள்!

சென்ற சித்திரையில் ஒரு சாயங்காலம். அடுப்பில் பால் பொங்கி வருகிற நேரம் பார்த்து, ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த என் மகள் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினாள். "அம்மா, சீக்கிரம் இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றாள். பிள்ளைகள் அவசரப்படுத்திக் கையெழுத்துக் கேட்டால், அதை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். பாலை இறக்கி வைத்துவிட்டுப் படித்தேன். மதுரையில் பத்து நாள் கால்பந்துப் பயிற்சி முகாம். பெண்களுக்கு மட்டும். தங்குவதற்கு இடம் உண்டு. பெற்றோர் சம்மதம் வேண்டும்.

அவள் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடுவது எனக்குத் தெரியும். அழுக்குத் துணி துவைக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் வெளியூர் போகிற அளவுக்கு விஷயம் முற்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியார் காதில் 'மதுரை' என்பது மட்டும் விழுந்துவிட்டது. "ஏட்டி, என்ன மதுரைக்கு?" என்று எழுந்து வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும், "நல்லாருக்கே கதை! சமைஞ்ச பிள்ள டிராயர மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போய் பந்து எத்துனா, நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எலுமிச்சங்காய்க் கமிஷன் கடையை முடித்துக்கொண்டு ராத்திரி வந்த என் வீட்டுக்காரர், கோபப்படவில்லை. "பத்து நாளா? யார் கூடப் போறது? யார் பாத்துக்கிடுவா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில்தான் என்னிடம் இல்லை.

மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். காகிதம் மூன்று நாள் அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது.

அந்த மூன்று நாளும் எனக்கு ஒரு எவர்சில்வர் தூக்குச் சட்டி ஞாபகமாகவே இருந்தது. நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தேன். அதற்குப் பரிசாகக் கொடுத்ததுதான் அந்தத் தூக்கு. அடுத்த வருஷம் நான் பெரியவளாகிவிட்டேன். அதற்கப்புறம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. யாரும் என்னை அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "இனிமே எதுக்கு?" என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டார்கள், அவ்வளவுதான். தூக்குச் சட்டி என்னோடு சீதனமாக வந்து, இன்றைக்கும் கடைக்குச் சாம்பார் கொண்டு போகிறது.

நாலாம் நாள் என் தங்கை மகன் ஜெர்மனியிலிருந்து போன் பேசினான். அவன் கொலோன் என்ற நகரத்தில் வேலை பார்க்கிறான். பெரியம்மா குரல் சரியில்லையே என்று அவனே கண்டுபிடித்துக் கேட்டான். சொன்னேன். "வெள்ளைக்கார ஊர்ல இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது. நீ கொடுத்து வச்சவன்" என்றும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "பெரியம்மா, எங்க ஊருக்குப் பக்கத்துல பெர்கிஷ் கிளாட்பாக்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. அந்த ஊர்க் கதையைக் கேளுங்க" என்று அரை மணி நேரம் பேசினான். பால் காய்ந்து ஏடு கட்டிய பிறகும் நான் போனை வைக்கவில்லை.

ஜெர்மனியில் 1955ஆம் வருஷம், அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கமே ஒரு தடை போட்டதாம். எந்தச் சங்கமும் பெண்களுக்கு அணி வைக்கக் கூடாது, மைதானம் கொடுக்கக் கூடாது, நடுவர் அனுப்பக் கூடாது. ஏன் என்றால், பந்து உதைத்தால் பெண்ணின் நளினம் போய்விடுமாம், உடம்புக்கும் மனதுக்கும் கெடுதி வருமாம். இதை அவன் சொல்லச் சொல்ல, என் மாமியார் பெர்லினுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்களோ என்றிருந்தது எனக்கு! இந்தத் தடை 15 வருஷம் இருந்து 1970 அக்டோபரில்தான் நீங்கியது. நீங்கியது என்றாலும் முழு மனதோடு இல்லை. பெண்கள் ஒரு பாதிக்கு 30 நிமிஷம்தான் ஆட வேண்டும், பந்து சிறிதாக இருக்க வேண்டும், ஆணி வைத்த பூட்ஸ் போடக் கூடாது, குளிர்காலத்தில் ஆறு மாதம் ஓய்வு என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். பிள்ளை பெறுவதற்கு இல்லாத ஓய்வைப் பந்து உதைப்பதற்குக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

பெர்கிஷ் கிளாட்பாக்கில் 09 என்ற எண்ணோடு ஒரு சங்கம் உண்டு. 1909ல் தொடங்கியதால் அந்தப் பெயர். ஆண்களுக்காகத் தொடங்கிய சங்கம்தான். ஆனால் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதன் பெண்கள் அணி. 1977 முதல் 1989 வரைக்குள் ஒன்பது தடவை ஜெர்மனியின் சாம்பியன் அவர்கள். ஆன் டிராபண்ட்-ஹார்பாக் என்ற பெண்மணி ஆட்டக்காரியாகவும் இருந்து, பயிற்சி கொடுப்பவராகவும் இருந்து அணியை நடத்தியிருக்கிறார். சமைக்கிறவளே பரிமாறவும் செய்கிற மாதிரி!

1981ல் தைவான் நாட்டில் பெண்களுக்கு ஒரு உலகப் போட்டி நடத்தினார்கள். ஜெர்மனிக்கும் அழைப்பு வந்தது. ஆனால் ஜெர்மனியில் பெண்களுக்கு தேசிய அணியே அப்போது கிடையாது. என்ன செய்வது? இந்தச் சின்ன ஊர்ப் பெண்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். போனவர்கள் சும்மா திரும்பவில்லை. ஜெயித்துக்கொண்டு வந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம்தான், 1982 நவம்பரில், ஜெர்மனியின் பெண்கள் தேசிய அணி முதல் ஆட்டம் ஆடி சுவிட்சர்லாந்தை 5-1 என்று ஜெயித்தது. அதற்குத் தலைவி அதே ஆன் அம்மாள்தான்.

பிறகு 1989ல் ஜெர்மன் பெண்கள் ஐரோப்பாவின் சாம்பியன் ஆனார்கள். இறுதி ஆட்டத்தில் நார்வேயை 4-1 என்று ஜெயித்தார்கள். அதற்கு அவர்கள் நாட்டுச் சங்கம் ஆளுக்கு என்ன பரிசு கொடுத்தது தெரியுமா சகோதரிகளே? ஒரு பீங்கான் காபி செட்! கோப்பை, தட்டு, கூஜா சகிதம்.

என் தங்கை மகன் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுக்களையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த என் தூக்குச் சட்டியைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

போனைக் கதவோரம் நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் அப்போதுதான் வாய் திறந்தாள். "ஜெர்மனி எதுக்கும்மா? மதுரையிலேயே சேதுன்னு ஒரு கிளப் இருக்கு. பொம்பளப் பிள்ளைங்க கிளப். இந்தியாவுலயே ஜெயிச்சவங்க" என்றாள். மூன்று நாள் பேசாதவள் அன்று ராத்திரி பதினொரு மணி வரை பேசினாள். எனக்கோ வெட்கமாகப் போய்விட்டது. மூன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற சங்கதி எனக்குத் தெரியவில்லையே!

நம் நாட்டில் பெண்கள் கால்பந்துக்கு என்று தனிச் சம்மேளனம் 1975ல்தான் ஏற்பட்டிருக்கிறது. அடுத்த ஐந்து வருஷத்துக்குள், 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இறுதி ஆட்டம் வரை வந்து இரண்டாம் இடம் வாங்கியிருக்கிறார்கள். 1983ல் பாங்காக்கிலும் இரண்டாம் இடம். அத்தனை கெட்டிக்காரிகளை வைத்துக்கொண்டு, பெண்களுக்கென்று ஒரு தேசிய லீக் தொடங்குவதற்கு 2017 ஆகிவிட்டது. முதல் வருஷம் மணிப்பூர்க் குழு ஜெயித்தது, அடுத்த வருஷம் ஒடிசா.

சேது எஃப்.சி. என்ற சங்கத்தை 2016ல் சீனி மொகைதீன் என்பவர் தொடங்கினார். பெண்களுக்காக என்றே தொடங்கியது. மூன்றே வருஷம். 2019 மே மாதம் 22ஆம் தேதி, பஞ்சாபில் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்து இந்தியாவின் சாம்பியன் ஆகிவிட்டார்கள். மணிப்பூர் அணியை ஜெயிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. அங்கே பெண்கள் கால்பந்து என்பது இங்கே நாம் கோலம் போடுகிற மாதிரி. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் அமிர்தா அரவிந்த். ஒரு பெண். நேபாளத்திலிருந்து வந்த சபித்ரா பண்டாரி என்ற பெண்ணும் அந்த வருஷம் சேதுவுக்காக ஆடினாள்.

"மதுரை அணிக்கு நேபாளத்துப் பிள்ளையா?" என்று கேட்டேன். "கிளப்புன்னா அப்படித்தாம்மா. யாரு நல்லா ஆடுறாங்களோ அவங்களக் கூப்பிடுவாங்க" என்றாள்.

எனக்கு அவர்கள் ஜெயித்த கதையை விடத் தோற்ற கதைதான் மனதில் நின்றது. 2022ஆம் வருஷ லீக் புவனேஸ்வரத்தில் நடந்தது. சேதுவும் கேரளத்துக் கோகுலம் அணியும் ஆளுக்குப் பத்து ஆட்டம் ஆடிப் பத்தையும் ஜெயித்து வந்திருக்கிறார்கள். கடைசி ஆட்டம் இவர்கள் இருவருக்கும். மே 26ஆம் தேதி. மூன்றாவது நிமிஷத்திலேயே ரேணு என்ற பெண் சேதுவுக்கு ஒரு கோல் போட்டுவிட்டாள். அப்புறம் கோகுலம் மூன்று கோல் போட்டு 3-1 என்று ஜெயித்துவிட்டது. பதினொரு ஆட்டத்தில் ஒரே ஒரு தோல்வி, அதுவும் கடைசியில். இரண்டாம் இடம்.

"அப்புறம் என்னட்டி செஞ்சாங்க?" என்று கேட்டேன்.

"என்ன செய்வாங்க? அடுத்த வருஷமும் ஆடுனாங்க" என்றாள்.

அப்போது சேதுவுக்குப் பயிற்சியாளராக இருந்த கிறிஸ்பின் சேத்ரி என்பவர்தான் பிறகு இந்திய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். 2025 ஜூலை 5ஆம் தேதி நம் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று ஜெயித்து 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து அந்தப் போட்டிக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. ஆண்கள் கிரிக்கெட்டில் ஒரு விக்கெட் விழுந்தாலே தெருவெல்லாம் கத்தும். அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

தமிழ்நாட்டுப் பெண்களும் மாநில அணியாக இரண்டு தடவை தேசியப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். 2018ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்றும், 2023ல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்றும் ஜெயித்து. இதில் கடலூர்ப் பிள்ளைகள் பலர். 2004 சுனாமிக்குப் பிறகு அரசாங்கக் காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகளும் அந்த ஊர் மைதானத்தில் பந்து பழகி மேலே வந்திருக்கிறார்கள். கட்டாக்கில் கோல் போட்ட இந்துமதி கதிரேசன் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா காலத்தில் பந்தை வைத்துவிட்டுச் சென்னை வீதியில் காவலுக்கு நின்றவர்.

இந்த சப்-இன்ஸ்பெக்டர் சமாசாரத்தை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் மெதுவாக எடுத்துவிட்டேன். அரசாங்க வேலையில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருப்பதையும் ரசத்தோடு சேர்த்து ஊற்றினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு, "பத்து நாளும் நீ கூட இருப்பியா?" என்றார்.

"இருப்பேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பிரசவத்துக்குத் தவிர நான் பத்து நாள் வீட்டை விட்டு இருந்ததில்லை.

மாமியாரைச் சமாதானப்படுத்தியது அந்தக் காபி செட்தான். கதையைக் கேட்டுவிட்டு, "கப்பு ஜெயிச்சா காப்பிக் கப்பையா குடுத்தான்? நல்ல ஆளுங்கடா!" என்று மோவாயில் கை வைத்துக்கொண்டார்கள். பிறகு வெகு நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைங்களுக்கு எம்புட்டுச் சங்கடமா இருந்திருக்கும்" என்றார்கள். அதற்குமேல் டிராயர் பேச்சு எழவில்லை. முட்டிக்குக் கீழே வரை நீளமான காலுறையும், டிராயருக்குள் இறுக்கமான கால்சட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்று மகள் சொன்னதும் ஒரு காரணம். முகாமில் முக்காடு போட்டுக்கொண்டே ஆடிய பிள்ளைகளையும் பார்த்தேன். உலகச் சம்மேளனமே 2014ல் அதை அனுமதித்துவிட்டதாம். துணி ஒரு தடையே இல்லை, தைக்கத் தெரிந்தால் போதும்.

மதுரையில் எனக்கும் சேர்த்துத்தான் பயிற்சி நடந்தது என்று சொல்ல வேண்டும். மைதானத்து வேப்ப மரத்தடியில் எங்களை மாதிரித் தாய்மார்கள் ஏழெட்டுப் பேர். ஒருத்தி பீடி சுற்றுகிறவள். "பத்து நாள் கூலி போச்சுக்கா, தட்டையும் இலையையும் கொண்டாந்திருக்கலாம்" என்று கடைசி வரை புலம்பிக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் மகளிடம் பந்து வந்தால் முதலில் எழுந்து நிற்பவளும் அவள்தான்.

அங்கே பயிற்சியாளர் அம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்ன சில விஷயங்கள் எல்லாத் தாய்மார்களுக்கும் பயன்படும். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்த சோகை இருப்பதாக 2019-21 கணக்கெடுப்பு சொல்கிறது. "ஓடினால் மூச்சு வாங்குகிறது, பிள்ளை சோம்பேறி என்று திட்டாதீர்கள். முதலில் ரத்தத்தைப் பரிசோதியுங்கள்" என்றார். கேழ்வரகு, முருங்கைக் கீரை, சுண்டல், முட்டை கொடுக்க வேண்டும். சாப்பாட்டோடு எலுமிச்சை சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச் சத்து நன்றாக உடம்பில் பிடிக்கும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் பிடிக்காது. எலுமிச்சை ஊரிலிருந்து வந்த எனக்கு இதைக் கேட்டதும் ஒரு பெருமை! மாத விலக்கு நாட்களில் முடிந்தால் ஆடலாம், வலி இருந்தால் ஓய்வு எடுக்கலாம், அது பிள்ளையின் இஷ்டம் என்றார். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டுவிட வேண்டுமாம். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் கிழிவது ஆண் பிள்ளைகளை விட அதிகம். அதனால் பந்தைத் தொடுவதற்கு முன்னால் இருபது நிமிஷம் உடம்பைச் சூடாக்கும் பயிற்சியும், குதித்தால் முழங்காலை மடக்கி இறங்குகிற பழக்கமும் அவசியம்.

ஆறாம் நாள் என் மகளுக்கே கணுக்கால் பிசகிவிட்டது. போனில் விஷயம் கேட்ட மாமியார், நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துச் சுளுக்கு எடுக்கச் சொன்னார்கள். நானும் கையைக் கொண்டு போய்விட்டேன். டாக்டர் தடுத்தார். பிசகிய முதல் இரண்டு மூன்று நாள் தேய்க்கவும் கூடாது, சூடு வைக்கவும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் வைத்து, கட்டுப் போட்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். காலை ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்பில் ஒன்றுமில்லை. மிச்ச நாள் அவள் மரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். "சேதுக்காரங்க கடைசி ஆட்டத்துல தோத்தாங்கன்னு சொன்னியேட்டி" என்றேன். "சும்மா இரும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறுதல் சொல்லவும் நேரம் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

இப்போது கால் சரியாகிவிட்டது. தினமும் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போகிறாள். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு அந்தப் பழைய தூக்குச் சட்டியில் போகிறது. கடைக்குச் சாம்பார் கொண்டு போக வேறு பாத்திரம் வாங்கியாகிவிட்டது. சாயங்காலம் வந்ததும், "இன்னைக்கு எத்தனை போட்டே?" என்று ஆச்சி கேட்பதும், "நான் கோல் போடுற ஆளில்ல ஆச்சி, தடுக்கிற ஆளு" என்று பேத்தி விளக்குவதும் தினசரி நடக்கிறது. இன்னும் விளங்கினபாடில்லை.

எனக்கு ஒரே ஒரு தொல்லைதான். வெள்ளைக் காலுறையில் ஏறுகிற செம்மண் கறை. சோப்புக்கும் போகவில்லை, ராத்திரி முழுக்க சோடா உப்பில் ஊறப்போட்டும் போகவில்லை. எலுமிச்சை தேய்த்து வெயிலில் காயப்போட்டால் கொஞ்சம் மங்குகிறது, அவ்வளவுதான். சகோதரிகளில் யாருக்காவது கைகண்ட முறை தெரிந்தால் அவசியம் எழுதுங்கள்.